அப்பா வாசித்த கடைசி அத்தியாயம்

சிங்கப்பூருக்குத் தொலைக்காட்சி வந்து மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கும். அப்போது நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஐம்பதுகளிலிருந்தே வானொலிக்கு நாடகம் எழுதும் பழக்கம் உண்டு. பெரும்பாலும் மாமியார் மருமகள் சண்டை, தீபாவளி சமயத்தில் கொஞ்சம் சிரிப்பு. அந்த நாடகங்களைத் தயாரித்தவர் தொலைக்காட்சிக்கு மாறிப் போனபோது என்னையும் கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சர், துப்பறியும் கதை ஒண்ணு வேணும். நாலு வாரம் ஓடணும். பழைய கதையா இருந்தா நல்லது, பெரியவங்களும் உக்காந்து பார்ப்பாங்க. அடுத்த வாரம் வர்ற வரைக்கும் ஜனங்களுக்குச் சோறு இறங்கக் கூடாது."

நான் யோசிக்கவே இல்லை. எனக்கு ஒரு கதை மனப்பாடமாகத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே சென்னையில் அச்சாகி, படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த நாவல் அது. அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அங்கேயே சொல்ல ஆரம்பித்தேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் மழை நாளொன்றில் குடையோடு வீட்டைவிட்டு இறங்குகிறார். திரும்பவில்லை. ஆற்றங்கரையில் குடை மட்டும் கிடைக்கிறது. சொத்துக்கு ஆசைப்படும் மைத்துனன், வாய் திறக்காத சமையற்காரி, பணிவே உருவான கணக்குப்பிள்ளை என்று வீடு நிறையச் சந்தேகம். சென்னையிலிருந்து துப்பறிவாளர் வருகிறார். வளையல்காரனாக, பண்டாரமாக வேஷம் கட்டித் திரிகிறார். கடைசியில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, கணக்குப்பிள்ளையைக் காட்டி, "உங்கள் எஜமானரை ஆற்றில் தள்ளியவன் இவன்தான்" என்கிறார். "சாட்சி எங்கே?" என்று அவன் சிரிக்கிறான். "சாட்சியா? இதோ" என்று துப்பறிவாளர் கதவைத் திறக்கிறார். மிராசுதார் உள்ளே வருகிறார்.

தயாரிப்பாளர் மேஜையைத் தட்டினார். "இதான் டீச்சர்! அந்தக் கதவு திறக்கிற இடம். அதுக்காகவே நாலு வாரம் காத்துக் கிடப்பாங்க."

சிங்கப்பூர்க் கடைகளில் அந்த நாவல் கிடைக்கவில்லை. சென்னைக்கு எழுதி வரவழைப்பதாகச் சொன்னார். அதுவரை நான் கதையை நான்கு வாரத்துக்குப் பிரித்துவைத்துக்கொண்டிருக்கலாம் என்றும் சொன்னார்.

அந்தக் கதையை நான் படித்ததில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மாவும் படித்ததில்லை, அவளுக்கு எழுத்து தெரியாது. அப்பா படித்துக் காட்டியது.

அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, கூலிகளுக்குப் பேர் பதிய ஒரு கிராணி வேண்டுமென்று அவரையும் கொண்டுபோனார்கள். "மூணு மாசந்தான், வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். சண்டை முடிந்தபின் சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அம்மா அவர்கள் ஒவ்வொருவரிடமும் அப்பாவின் படத்தைக் காட்டிக் கேட்டாள். ஒருவர் பார்த்தேன் என்றார். இன்னொருவர் அது வேறு ஆள் என்றார். செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அம்மா பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. முதலில் உறவினர்கள் ஏதோ சொல்லிப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

தேக்கா மார்க்கெட்டில் அம்மா மசாலா அரைத்து விற்றாள். மிளகாயும் மஞ்சளும் மல்லியும் அம்மியில் அரைத்து, மீனுக்குத் தனி, கறிக்குத் தனி என்று உருண்டை உருண்டையாக வாழை இலையில் வைத்துத் தருவாள். கை வேலை செய்யும், கண் மட்டும் போகிற வருகிற ஆண்களின் முகத்தில் இருக்கும். அறியாதவர்கள் தவறாக நினைக்கக்கூடும் என்று எனக்குச் சிறு வயதில் வெட்கமாக இருக்கும். பிறகு அதுவும் பழகிவிட்டது.

மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் கிடைக்காத அந்த வருடங்களில், என் பசியை மறக்கடிக்க அம்மா இந்தக் கதையைச் சொல்வாள். துப்பறிவாளருக்கு ஒரு குரல், கணக்குப்பிள்ளைக்கு ஒரு குரல். கதவு திறக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிடுவாள். "யாரு வந்தா சொல்லு?" என்பாள். நான் கத்துவேன். புத்தகம் அப்போதே வீட்டில் இல்லை. சுருட்டுக் கடைக்காரர் ஒருவர் தாளுக்காக வாங்கிப் போயிருந்தார்.

சென்னையிலிருந்து கப்பலில் நாவல் வந்து சேர்ந்தது. சிவப்புக் காலிகோத் துணி அட்டை போட்ட இரண்டு பாகங்கள். பஃபலோ சாலையில் கடைக்கு மேலே எங்களுக்கு இரண்டு அறைகள். ஒரு சனிக்கிழமை முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். வரிக்கு வரி அம்மா சொன்னபடியே இருந்தது. வளையல்காரன் பாடும் பாட்டைக்கூட அம்மா மாற்றாமல் வைத்திருந்தாள். கடைசி அத்தியாயம். கூடம். கணக்குப்பிள்ளை சிரிக்கிறான். துப்பறிவாளர் கதவைத் திறக்கிறார். இரண்டு கான்ஸ்டபிள்கள் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பலகையின் மேல், ஆற்று மணலிலிருந்து தோண்டியெடுத்த எலும்புகள். விரலில் மோதிரம். மிராசுதார் முதல் அத்தியாயத்திலேயே இறந்துவிட்டார். அவர் மனைவி காசிக்குப் போவதோடு நாவல் முடிகிறது.

மூன்றாம் பாகம் ஏதாவது இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அம்மா சாயங்காலம் வந்து குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தக் கதையில மிராசுதார் செத்துப் போயிடறாரு."

"யாரு சொன்னா?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"அது வேற புத்தகமா இருக்கும் லா."

நான் அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். அம்மா துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். எலும்பு என்ற இடத்தில் தலையை ஆட்டினாள்.

"அப்பா அப்படிப் படிக்கலயே."

கீழே பூக்கடையில் யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் தம்பி போன சமயம் அது" என்றாள். எனக்கு ஒரு தம்பி பிறந்து, தவழும் முன்னே காய்ச்சலில் போனது எனக்குத் தெரியும். அம்மா அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. "எனக்கு எந்திரிக்கவே தெம்பில்ல. அதனாலதான் அவரு அந்தப் புத்தகத்தை எடுத்தாரு. வேலை விட்டு வந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் படிப்பாரு. கடைசி நாளு மட்டும் நிறுத்தி நிறுத்திப் படிச்சாரு. என்னங்க ஆச்சுன்னு கேட்டா, எழுத்து சரியா விழலன்னாரு."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். "புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டே எப்படிப் பொய் சொல்லியிருக்காரு பாரு! நானும் இத்தனை வருஷமா..." அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது.

"அப்ப அந்த மனுஷன் வரவே இல்லையா?"

அம்மா எழுந்து போய் உலை வைத்தாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் குன்றின் மேலிருந்த தொலைக்காட்சி நிலையத்துக்குப் பஸ் ஏறினேன். தயாரிப்பாளரிடம் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவர் படித்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

"நீங்க சொன்ன முடிவு எங்க டீச்சர்?"

"அது எங்கப்பா மாத்தினது சார். எனக்கே இப்பத்தான் தெரியும்."

எதற்காக மாற்றினார் என்று சொன்னேன். அப்பா சயாமுக்குப் போனதுகூட அவருக்கு அதுவரை தெரியாது. அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எங்க மாமாவும் போனாரு" என்றார். "வந்துட்டாரு. வந்து வாசல்ல நின்னாரு. எங்க அத்தைக்கு அடையாளம் தெரியல. பிச்சைக்காரருன்னு நினைச்சு, உள்ள போய்ச் சோறு எடுத்துட்டு வந்தாங்க. நான் பக்கத்துல நின்னேன்."

வெளியே யாரோ ஒரு மேஜையை இழுத்துப் போனார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஆளு வரட்டும் டீச்சர். நாவலைப் படிச்சவங்க திட்டுவாங்க, நான் வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு. போன மாதிரியே அவரு வரக் கூடாது. வருஷக்கணக்கா ஆகியிருக்கணும்."

அப்படித்தான் அந்த நாவல் எங்கள் கையில் மாறத் தொடங்கியது. எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஸ்டுடியோ, அதில் இரண்டு அறைகள் போல ஜோடித்துக்கொள்ளலாம். தஞ்சாவூரும் காவிரியும் அதற்குள் அடங்காது. மிராசுதாரைச் சிராங்கூன் சாலைத் துணி வியாபாரி ஆக்கினேன். ஆற்றங்கரை சாங்கிக் கடற்கரை ஆயிற்று. கடலைக் காட்ட முடியாது, இசைத்தட்டில் அலைச் சத்தம் மட்டும் உண்டு. குடையை ஒருவர் கொண்டுவந்து, "சாங்கியில கிடந்துச்சு" என்று சொல்லவேண்டியதுதான். நாவலில் எட்டுப் பக்கத்துக்கு ஓடும் குதிரை வண்டித் துரத்தலை ஒரு தொலைபேசி மணியாகச் சுருக்கினேன். துப்பறிவாளரின் வளையல்காரன் வேஷத்தை, தலையில் தட்டோடு கச்சாங் பூத்தே விற்கிற கடலைக்காரன் வேஷமாக மாற்றினேன். கணக்குப்பிள்ளைக்கு எங்கள் ஊரில் கிராணி என்றுதான் பேர். அந்தக் கெட்டவனைக் கிராணி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மேனேஜர் என்று போட்டுவிட்டேன்.

காணாமல் போனவராக நடித்தவர் பகலில் கிடங்கு வேலை பார்த்து, திருவிழாக்களில் மேடை ஏறியவர். ஐம்பது வயதுக்கு மேல், கருகருவென்று சாயம் பூசிய தலை. நான்கு வாரத்தில் அவருக்கு அந்த ஒரே காட்சிதான். சுவரில் மாட்டிய படத்துக்கும் அவருடைய பழைய புகைப்படத்தையே வைத்தோம். தலைக்குப் பவுடர் போட்டு நரையாக்கியபோது கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இப்படியே வீட்டுக்குப் போனா பொண்டாட்டி கதவைத் திறக்க மாட்டா லா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தயாரிப்பாளர் சிரிக்கவில்லை.

ஒத்திகையில் அந்த நடிகர் கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றார். கேமராவைத் தள்ளவேண்டிய மலாய்க்கார இளைஞர் தள்ளவில்லை. தயாரிப்பாளர் என்னவென்று அதட்டினார். அந்த இளைஞருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. யார் வருகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டதாக மலாயில் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. சமூக நிலையத்தில் உயரமான தாங்கியின் மேல், கதவு வைத்த மரப்பெட்டிக்குள் ஒன்று இருந்தது. மாலையானால் பணியாளர் பூட்டைத் திறப்பார். பெஞ்சுகளில் தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று எந்த மொழி நிகழ்ச்சி ஓடினாலும் உட்கார்ந்திருப்பார்கள். முதல் வாரம் முடிந்த மறுநாளே மார்க்கெட்டில் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "உங்க மக எழுதினதுதானே, உங்களுக்குத் தெரியாமலா? யாரு கொன்னது?" அம்மா வாய் திறக்கவில்லை. என்னிடமும் முடிவு என்ன என்று கேட்கவில்லை. நான் எப்படி முடித்தேன் என்று நானும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன்.

மார்க்கெட்டில் கீரை விற்கும் சீன அம்மாள் ஒருவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்காருவார். படத்தில் யார் வந்தாலும், "சியாப்பா ஜாஹாட்?" என்று அம்மாவின் முழங்கையை இடிப்பார். யார் கெட்டவன் என்று அவருக்கு உடனே தெரியவேண்டும். "துங்கு லா" என்பாள் அம்மா. பொறு.

கடைசி வாரம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பெஞ்சில் இடமில்லாமல் வேலி ஓரம்வரை நின்றார்கள். திரையில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மேனேஜர் சிரித்தான். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மஞ்சள் ஏறிய அந்த விரல்கள் இறுகியதை இப்போதும் உணர முடிகிறது. துப்பறிவாளர் கதவைத் திறந்தார். நரைத்த தலையோடு, சற்றே கூனி, ஒரு மனிதர் உள்ளே வந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கே அந்த வீடு அடையாளம் தெரியாததுபோல் நின்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "நான்தான்" என்றார்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. கீரைக்கார அம்மாள் கை தட்டினார். பின்னாலிருந்து கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் எழுந்து, "புத்தகத்துல இப்படி இல்ல! அவன் செத்துப் போயிடுவான்!" என்று கத்தினார். "உக்காருங்க பெரியவரே, மறைக்குது" என்று நாலாபுறமும் குரல் எழுந்தது. அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

அழுவாள் என்று நினைத்தேன். சந்தோஷப்படுவாள் என்றும் நினைத்தேன். சிராங்கூன் சாலையில் ஈரத்தில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்துவந்தாள்.

"ரொம்ப வயசாயிடுச்சு" என்றாள்.

"யாருக்கும்மா?"

"வந்தவனுக்கு. உங்கப்பா படிச்சப்ப அந்த ஆளு போன மாதிரியே வந்தான். குடையில்லாம வந்தான், அவ்வளவுதான்."

"வருஷம் ஆகியிருக்குல்ல. அதனால நரைச்ச மாதிரி காட்டணும்னு தயாரிப்பாளர் சொன்னாரு."

அம்மா ஒரு நகைக்கடை வாசலில் நின்றுவிட்டாள்.

"அப்பாவுக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?"

கணக்குப் போட்டேன். "அறுபது ஆகப் போகுது."

"அறுபதா?"

அம்மா முதலில் நம்பவில்லை. விரலை மடக்கித் தானும் எண்ணிப் பார்த்தாள். அவள் தலையும் பாதிக்கு மேல் நரைத்திருந்தது. அதை நானும் அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"நான் சின்ன ஆளுங்களையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். "படத்துல இருக்கிற மாதிரி. சுருட்டை முடி, மீசை. அப்படி ஒருத்தன் போனா திரும்பிப் பார்ப்பேன். அவரு இந்தப் பக்கமே போயிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்படியெல்லாம் நினைக்காதீங்கம்மா."

"இல்ல, சொல்றேன். மூஞ்சி மாறிடும். குரல் மாறாதுல்ல?"

மாறாது என்றேன். எனக்கு என்ன தெரியும்? வானொலியில் வருடக்கணக்காகக் கேட்ட குரல்கள் நாள்பட நாள்படத் தடித்துப் போனதை நானே கவனித்திருக்கிறேன். ஆனாலும் மாறாது என்றுதான் சொன்னேன்.

நாடகத்தைப் பாராட்டியும் திட்டியும் ஆட்கள் பேசிக்கொண்டார்கள், பிறகு மறந்தார்கள். அதைப் பதிவு செய்த நாடாவில் வேறு ஏதோ பதிந்துவிட்டார்கள். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காணாமல் போனவராக நடித்தவர் ஆட்டுக்கறிக்கு மசாலா வாங்க அம்மாவின் கடைக்கு வந்தார். மறுபடி கறுப்புத் தலை. நான் அறிமுகம் செய்துவைத்தேன்.

"எப்படிம்மா நடிச்சேன்?" என்று கேட்டார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா வந்தீங்க" என்றாள்.

நல்லா நடிச்சீங்க என்று அவள் சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்காமல் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அம்மா யாரோடும் வலியப் பேசுகிறவள் இல்லை. வாங்க வந்தவர்களிடம்கூட அளந்துதான் பேசுவாள். அதன்பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். வயதானவர்களிடம் மட்டும். கடைக்கு முன்னால் ஒரு கிழவர் நின்றால், "ஐயா, வெளிய மழை வருதா?" என்பாள். கோவில் வாசலில் செருப்புத் தேடுகிறவரிடம் மணி கேட்பாள். அவர்கள் பதில் சொல்லும்போது தலையைச் சற்றுச் சாய்த்துக்கொள்வாள். சிலர் முறைத்தார்கள். பெரும்பாலானவர்கள் தங்களிடம் ஒருவர் பேசினாரே என்ற மகிழ்ச்சியில் கேட்டதற்கு மேலேயே சொன்னார்கள்.

இதை நிறுத்தச் சொல்ல நான் பலமுறை வாயெடுத்தேன். ஒரு நாள் பள்ளி முடிந்து வரும்போது ரேஸ் கோர்ஸ் சாலை முனையில் அம்மா நின்றிருந்தாள். எதிரே உயரமான ஒரு முதியவர், வெள்ளைச் சட்டை, கையில் கித்தான் பை. நான் அருகே போகவில்லை, கேட்கிற தூரத்தில் நின்றேன்.

"ஐயா, தேக்கா மார்க்கெட்டுக்கு எப்படிப் போறது?"

மார்க்கெட்டின் கூரை அங்கிருந்தே தெரிந்தது. இருபது வருடத்துக்கு மேல் அவள் தினமும் போய்வந்த இடம்.

அந்த முதியவர் சிரிக்கவில்லை. ஊருக்குப் புதிது என்று நினைத்திருப்பார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டி நிதானமாக வழி சொன்னார். இந்தப் பக்கம் கார் அதிகம், அந்த ஓரமாகவே போங்க, பழக்கடை வரும், அதைத் தாண்டினா மீன் வாசனை அடிக்கும், அப்புறம் யாரையும் கேட்க வேண்டாம் என்றார். மலையாளம் கலந்த தமிழ். முதல் வார்த்தையிலேயே அது அப்பா இல்லை என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டாள். முடித்ததும், "சரிங்கய்யா" என்று சொல்லி, அவர் காட்டிய ஓரமாகவே நடந்து போனாள்.